சின்னாச்சி ஆற்றுக்குப் போன பக்கம்

பெப்ரவரி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து பனிமூட்டம். எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். பொய்.

இது தங்கச்சி பூமணியின் கொப்பி. முன்பக்கமெல்லாம் அவள் எழுதியது. பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் விட்டுப்போகிற பிள்ளைகளில் எதற்குக் காய்ச்சல், எது பருப்புத் தின்னாது, எது தூங்கும்போது காது பிடிக்கும், எல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான்காம் வகுப்பு எழுத்து. பார்க்க யார் இருக்கிறார்கள்.

பூமணி என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை வரவில்லை. பூ. போதும்.

சனிக்கிழமை கருமாதி முடிந்தது. படையலில் வைத்தது:
கோழிக் குழம்பு
கருவாட்டுச் சம்பல்
வெற்றிலை, பாக்கு
அவள் சிவப்புச் சேலை
புத்தக மிஷின்

மிஷின் என்றால் பெரிய போன் மாதிரி, தொட்டால் புத்தகம் வரும். அதை வைக்கச் சொன்னது அண்ணன். "அவளுக்குப் புடிச்சது எல்லாம் வைக்கணும் முத்தம்மா. இல்லாட்டி மனசு இங்கயே சுத்தும்." சுற்றட்டுமே. அதில் இவருக்கு என்ன கஷ்டம். சந்தனத்தைக் குழைத்து மிஷின் நெற்றியில் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். பிறகு சொம்புத் தண்ணீரை எடுத்து மூன்று சுற்று. படையலைச் சுற்றித்தான் தெளிக்க வேண்டும். அவர் மிஷின் மேலேயே தெளித்தார்.

நேற்றுத் திறந்து பார்த்தேன். கட்டம். எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டம். மலைமேல் நின்று பார்த்தால் தெரிகிற லயங்கள் மாதிரி வரிசை வரிசையாக. உள்ளே ஆள் இல்லை.

அண்ணன் கெடுத்துவிட்டார்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம். ஆபீசில் கொடி. எங்களுக்கு லீவு.

மிஷினை பூ.வுக்குக் கொடுத்தது, ஆயாமாருக்குப் பயிற்சி சொல்லித்தர வந்த ஒரு வெளிநாட்டு மிஸ். ஊருக்குத் திரும்பும்போது, பழசு, வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனாள். பூ. அதைச் சேலை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கோழிக்குஞ்சு மாதிரி. நான் என்ன சொன்னேன்? "ஓசியில வந்தது ஒரு மாசம் தாங்காது. பழுதாகட்டும், அடுப்புல வச்சிர்றேன்" என்றேன். அவள் எப்போதுமே ஒன்றும் சொல்ல மாட்டாள். பயிற்சி நிலையத்தில் யாரையோ பிடித்துத் தமிழ் எழுத்தையும் ஒரு கதையையும் அதற்குள் போட்டு வாங்கிவந்தாள்.

ஆவணியிலிருந்து தினமும் சாயங்காலம் அடுப்படியில் கதை. நான் ரொட்டி தட்டுவேன். அவள் பலகையில் உட்கார்ந்து படிப்பாள். லீலாவதி என்று ஒருத்தி. புருஷனைத் தேடிக் கப்பலேறி வேறு தேசத்துக்குப் போகிறாள். துறைமுகத்தில் இறங்கினால் புருஷன் இல்லை. சலவைக்கு ஆள் எடுக்கிற வீட்டில் வேலை. அங்கே சின்னாச்சி என்று ஒரு வாயாடி. இரண்டு பேரும் ஒரே காம்பரா. சண்டை, சமாதானம், கோழி வளர்ப்பு. புருஷனைத் தேடுவதையே லீலாவதி மறந்துபோனாள். நானும் மறந்துபோனேன். எனக்குச் சின்னாச்சி வாயைத் திறந்தால் போதும், சிரித்துச் சிரித்து ரொட்டி கருகும்.

பொங்கலுக்கு முந்தின நாள் கடைசியாகப் படித்தது. சின்னாச்சி குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் சிவப்புத் தண்ணீர். லீலாவதி வாசலில் நிற்கிறாள்.

"இன்னும் ரெண்டு பக்கம்டி" என்றேன்.

"கண்ணு எரியுதுக்கா. மிச்சம் நாளைக்கு."

பொங்கலன்று காய்ச்சல். அடுத்த நாள் கண்ணெல்லாம் மஞ்சள். தோட்டத்து வேன் வருகிறது வருகிறது என்று ரோட்டோரம் மூன்று மணி நேரம் பாயில் கிடந்தாள். டயர் இல்லையாம். கொழுந்து ஏற்றுகிற லாரிக்கு டயர் இருந்தது. அது எங்களைத் தாண்டித்தான் போனது. ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி. வெள்ளிக்கிழமை முடிந்தது.

சின்னாச்சி திரும்பி வந்தாளா இல்லையா? எனக்கு அது தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

சாயங்காலம் மிஷின் மூச்சே விடவில்லை. கரண்டில் குத்தினால் வயர் உள்ளே போகமாட்டேன் என்கிறது. அண்ணன் போன் அடித்தார். எடுக்கவில்லை.

பெப்ரவரி 5, புதன்

வேலைக்குப் போனேன். மேட்டு மலை. பனி ஒன்பது மணிக்குத்தான் விலகியது. கொழுந்து குறைவு. கங்காணி பின்னால் நின்று சொன்னார், "என்னா முத்தம்மா, கை மரத்துல இருக்கு, மனசு எங்க இருக்கு?"

"ஒங்க வேன் டயர்ல இருக்கு" என்றேன்.

பக்கத்து நிரைப் பெண்கள் சிரிக்கவில்லை. அவரும் போய்விட்டார்.

ரொட்டி இரண்டு சுட்டேன். பழக்கம். ஒன்றை நாய்க்குப் போட்டேன். நாய் மோந்துவிட்டுப் போனது. அதுவும் கொழுத்துப்போயிருக்கிறது, கருமாதிக் கோழி.

பெப்ரவரி 6, வியாழன்

மாரியாயி. பக்கத்துக் காம்பரா. நடுச்சுவர் கூரைவரை போகாது, மேலே ஒரு முழம் திறப்பு. அவள் வெங்காயம் நறுக்கினால் எனக்குக் கண் எரியும். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற சண்டையிலிருந்து ஏழு மாதமாகப் பேச்சில்லை. சாவுக்கு வந்தாள், அழுதாள், போனாள். பேசவில்லை.

இன்று சுவருக்கு மேலே குரல் வந்தது. யாரிடமோ பேசுகிற மாதிரி. அவள் தனியாள், யாரும் இல்லை.

"அந்தப் படிக்கிற சாமான் என்னா ஆச்சுன்னு தெரியல. அஞ்சு மணியானா காது சும்மா கெடக்கு."

நானும் அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். "ரிப்பேராம்."

"அதானே. நல்லது எதுவும் இந்த லயத்துல தங்காது."

"ஒட்டுக் கேக்குறவுகளுக்கு இதுல என்னா நட்டம்?"

"காதை மூடிக்கிட்டு நான் எப்படி ரொட்டி தட்டுறது?"

பிறகு புகை மட்டும் அங்கிருந்து இங்கே.

பெப்ரவரி 8, சனி

பதுளைக்குப் போனேன். மடுல்சீமையில் ஆறரை பஸ். பிரேக் போடும்போதெல்லாம் மிஷினை நெஞ்சோடு பிடித்தேன். பக்கத்தில் இருந்த ஆள், "தேங்காயா?" என்று கேட்டான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போன் கடை. சிங்கள ஆள். தமிழ் நன்றாகவே பேசினார். மிஷினைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இது போன் இல்ல நே. புத்தகம் பாக்குற ஒண்ணு. இது உள்ள என்ன மண்?"

"சந்தனம்" என்றேன்.

"என்ன?"

"சந்தனங்க. படையலுக்கு வச்சது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பார் என்று காத்திருந்தேன், சிரித்தால் திட்டுவதற்கு. சிரிக்கவில்லை. ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக நோண்டி, ஒரு காகிதத் துண்டில் வைத்தார். காய்ந்த மஞ்சள் தூள். எறியாமல் மடித்து என் கையில் கொடுத்தார். "சாமி சாமான் நே" என்றார். கடைக்காரரிடம் நல்ல பேச்சு கேட்கும்போது ஏன் ஆத்திரம் வருகிறது என்று தெரியவில்லை. சொந்த அண்ணனுக்கு இந்தப் புத்தி இல்லையே என்றுதான்.

வயர் உள்ளே போனது. மிஷின் எழுந்தது. கட்டம் அப்படியே.

"தண்ணி போயிருச்சுங்களா உள்ள?"

"இல்ல இல்ல, தண்ணி போனா எழும்பாது. இது எழுத்துப் பிரச்சினை. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசு மாதிரி செய்யலாம். பத்து நிமிசம். ஆனா உள்ள இருக்கிறது எல்லாம் போகும்."

"கதையும்?"

"கதையும் போகும்."

பிடுங்கி எடுத்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. டவுன் லைப்ரரியில் ஒரு தமிழ் மிஸ் இருக்கிறாள், கம்ப்யூட்டரில் தமிழ் எழுதுகிறவள், அவளிடம் கேளுங்கள் என்றார். போனேன். அரை நாள், பூட்டிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கடைசி சீட். லீக்ஸ் மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில். வெலிமடைச் சாமான். வாசத்தில் தலைசுற்றல்.

பெப்ரவரி 9, ஞாயிறு

வெயில். பூ.வின் போர்வை துவைத்தேன். துவைத்திருக்கக் கூடாது. இப்போது சவுக்கார வாசம்தான் வருகிறது.

மிஷினை நானே நோண்டினேன். செய்தது:
நடுவில் தொட்டேன். கட்டம் பெரிதானது.
ஓரத்தில் தொட்டேன். பக்கம் படுத்துக்கொண்டது.
மேலே தொட்டேன். இங்கிலீஷில் ஏதோ கேட்டது, இரண்டு பதில் கொடுத்தது. இரண்டுமே எனக்கு ஒன்றுதான். மூடிவிட்டேன்.

இந்தக் கதையை எழுதிய ஆள் எங்கே இருக்கிறானோ. எங்களைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் அவனுக்கு? துறைமுகத்துக்குப் பின்னால் காட்டு வழியில் போகும்போது லீலாவதியும் சின்னாச்சியும் அட்டைக்குப் பயந்து காலில் சவுக்காரம் பூசுகிறார்கள். சலவை வீட்டுக் கூரைத் தகரம் கட்டில் கால்மாட்டில் ஒழுகுகிறது, சரியாக எங்கள் கூரை மாதிரி. கடல்காரனுக்கு அட்டையும் தகரமும் எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். "எழுதுறவங்களுக்கு எல்லாம் தெரியும்க்கா" என்றாள் பூ.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். மனதில் வைத்தால் புளிக்கிறது. தொடக்கத்தில் பூ. எனக்கு ஒரு வரி காட்டுவாள். எழுத்தைப் பெரிதாக்கி, "இத நீ படிக்கா" என்பாள். நான் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. தீபாவளிக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டாள். நான் எட்டிப் பார்த்தால் மிஷினைத் திருப்பிக்கொள்வாள். "ரொட்டியப் பாரு, கருகுது." படித்தவளுக்கு அலுத்துவிட்டது, மரமண்டைக்குச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்துவிட்டாள், என்று நினைத்தேன். கேட்கவும் இல்லை. மூன்று நாள் முகம் கொடுக்காமல் இருந்தேன். அவள் கதையை மட்டும் நிறுத்தவில்லை.

மத்தியானம் அண்ணன் வந்தார். பன்னும் வாழைப்பழமும்.

"ஏன்மா போன் எடுக்கல?"

"நீ தெளிச்ச தண்ணியில மிஷின் செத்துப்போச்சு."

"ஒரு சொட்டுத் தண்ணி. அதுக்கா?"

"ஒரு சொட்டுதான். அவளுக்கும் ஒரு காய்ச்சல்தான்."

"நான் என்னா வேணும்னா செஞ்சேன்? தங்கச்சி எனக்கும் தங்கச்சிதானே."

"தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒனக்குக் கல்யாண வீடு."

பன்னை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தேத்தண்ணி குடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பெப்ரவரி 10, திங்கள்

மழை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனம். லைப்ரரி திங்கள் இல்லை. நாளைக்கே லீவு கிடைக்காது. புதன் பௌர்ணமிப் போயா லீவு, அன்றும் இல்லை. வியாழன்தான். கங்காணியிடம் லீவு கேட்டேன்.

"இப்பதானே பதினாறு நாள் நின்ன?"

"பதினாறு நாள் செத்தவளுக்கு. இது எனக்கு."

தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். இந்த ஆளைத் திட்டித் திட்டி எனக்கே அலுத்துப்போகிறது.

பெப்ரவரி 13, வியாழன்

முதலிலிருந்து எழுத வேண்டும்.

லைப்ரரி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. கண்ணாடி. மெலிந்த கை. நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். "போட்டுக்கொண்டே வாங்கோ அம்மா, நிலம் குளிர்" என்றாள். மிஷினை வாங்கிப் பார்த்தாள்.

"உங்கட மகளின்ரயோ?"

"தங்கச்சி."

"அவ எங்கே?"

நான் மிஷினையே பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

மிஷினை வயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு பூட்டினாள். உள்ளே பெட்டி பெட்டியாக வந்தது. கதை இருக்கிற பெட்டி, படம் இருக்கிற பெட்டி. கடைசியில் ஒரு பெட்டி, அதன் மேல் தமிழில் 'எழுத்து' என்று பெயர்.

"இதை ஆர் செய்தது?"

எனக்குத் தெரியவில்லை. மிஸ் அதைத் திறந்தாள். உள்ளே ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரித் தமிழ் எழுத்தாம். யாரோ தேடித் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார்களாம்.

"உங்கட தங்கச்சி கெட்டிக்காரி அம்மா. மெஷின் தன்னைத்தானே புதுப்பிக்கேக்க, முந்திப் போட்டிருந்த தமிழ் எழுத்து அழிஞ்சு போட்டுது. அதுக்குப் பதிலா அவ எழுத்தைத் தேடிக் கொண்டந்து போட்டிருக்கிறா. எல்லாம் சரியாத்தான் செய்திருக்கிறா. ஒரேயொரு பிழை. பெட்டிக்குத் தமிழிலை பேர் வைச்சிட்டா. இந்த மெஷினுக்கு அது தெரியாது. இங்கிலீசிலை ஒரு பேர் இருக்கு, அந்தப் பேர் போட்ட பெட்டிக்குள்ளதான் இது போய்ப் பார்க்கும்."

எழுத்து வைக்கிற பெட்டிக்கு எழுத்து என்று பெயர் வைத்தாள். வேறு என்ன வைப்பாள்?

மிஸ் ஒரு பெயரை அடித்தாள். மிஷினைக் கழற்றினாள். நடுவில் தொட்டாள், மேலே தொட்டாள். எழுத்து வந்தது. லீலாவதி. முதல் வார்த்தையே லீலாவதி. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகுதான் கேட்டேன். "மிஸ், இந்த மாசம் ஒண்ணாந் தேதி தண்ணி பட்டுச்சு. அதுலதானே போச்சு?"

"தண்ணியோ? இல்லையம்மா. இஞ்ச பாருங்கோ, ஒவ்வொண்டிலையும் திகதி இருக்கு. எழுத்து போனது தீபாவளிக்குப் பிறகு. முதல் வாரம். கடைசி எழுத்து போட்டுப் பார்த்தது மார்கழிக் கடைசி. அதுக்கும் சரிவரேல்ல."

"அப்ப நடுவுல?"

"நடுவிலை கட்டம்தான். ஒண்டும் வாசிக்க ஏலாது."

"இல்லைங்க மிஸ். தினமும் படிச்சா. தை வரைக்கும் படிச்சா."

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எனக்குத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். இந்த மிஷினில் ஒரு கோளாறு இருக்கிறதாம், மூடித் திறந்தால் மறுபடி கட்டம் வருமாம், ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டுமாம். என் எழுத்தில் இங்கே:

1. பக்கத்தின் நடுவில் தொடு.
2. மேலே இங்கிலீஷ் எழுத்து, பெரிதும் சின்னதுமாக ஒட்டியிருக்கும். அதைத் தொடு.
3. பெயர் வரிசை வரும். கீழிருந்து மூன்றாவது.
4. கையை எடு. எழுத்து வரும்வரை சும்மா இரு.
5. மூடினால் மறுபடி ஒன்றிலிருந்து.

பஸ்ஸில் திறக்கவில்லை. வீட்டிலும் திறக்கவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

வேலை. அட்டை இரண்டு கடித்தது. சவுக்காரம் பூச மறந்தேன்.

சாயங்காலம் திறந்தேன். 1, 2, 3, 4. எழுத்து வந்தது. முன்பே கேட்ட பக்கங்களை அங்கங்கே மட்டும் கூட்டிப் படித்துத் தள்ளினேன். கப்பல், கடல், வாந்தி, எல்லாம் அவள் படித்த மாதிரியே. துறைமுகம் வந்தது. லீலாவதி இறங்குகிறாள்.

புருஷன் நிற்கிறான். துறைமுகத்திலேயே. குடையோடு.

பெப்ரவரி 15, சனி

அழுகிறாள், மன்னிப்புக் கேட்கிறான். பெரிய வீடு. வேலைக்காரர்கள். நகையைப் பற்றி நான்கு பக்கம். சலவை வீடு இல்லை. கோழி இல்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

காலையிலிருந்து படித்தேன். கண் எரிகிறது. கண் எரிந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

வெயில் நன்றாக இருந்தும் விறகு காயப்போடவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

முடிந்தது. கடைசிப் பக்கம். இரண்டு பேரும் கப்பலேறி ஊர் திரும்புகிறார்கள். ஊரே மாலை போடுகிறது. சின்னாச்சி என்று ஒரு பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆறு இல்லை. அட்டை இல்லை. நான் எழுத்தைத் தவறவிட்டேனோ என்று துறைமுகத்திலிருந்து மறுபடி ஒரு தடவை பார்த்தேன். இல்லை.

நல்ல தாள் மாதிரி வெள்ளைக் கண்ணாடி, அதில் கட்டம் கட்டமாக. அதைப் பார்த்துக்கொண்டு பூ. இரண்டரை மாதம். பக்கம் திருப்புகிற இடத்தில் திருப்பினாள். விரலை நாக்கில் தொட்டுத் திருப்புவாள், கண்ணாடிக்கு எச்சில் எதற்கு என்று நான் சிரிப்பேன். ஒரு மாதம் தாங்காது என்று சொன்னவள் முன்னால், மூன்றாம் மாதம் பழுதாகிவிட்டது என்று எப்படிச் சொல்வாள்? அடுப்பில் வைப்பேன் என்று சொன்னேனே. பகலெல்லாம் பிள்ளைகளின் மூத்திரம் துடைத்துவிட்டு, சாயங்காலம் எனக்காகக் கட்டத்துக்குள்ளிருந்து கோழியும் சலவையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

வரி காட்டாதது அதற்குத்தான். திமிர் என்று நினைத்தேன். மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.

ஒரு தடவை நான் சொன்னேன், "இந்தச் சின்னாச்சி சரியான வாய்க்காரிடி, இவ கூட எவ இருப்பா?" பூ. மிஷினை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. "லீலாவதி இருக்காளே" என்றாள். சின்னாச்சிக்குச் சம்பலில் உப்பு அதிகம். கோழியோடு சண்டை பிடிப்பாள். தூக்கத்தில் பல் கடிப்பாள். இப்போது ஒவ்வொன்றாகத் தெரிகிறது. மரமண்டைதான் நான்.

ஆற்றுக்குப் போனது நான். வாசலில் நிற்கிறது அவள். எப்படி மாற்றி வைத்திருக்கிறாள்.

பெப்ரவரி 19, புதன்

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"தண்ணி இல்லையாம்" என்றேன்.

"எங்க, பீலியிலயா?"

"அது இல்ல. மிஷினுக்கு. நீ தெளிச்சது இல்லையாம் காரணம்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"அந்தப் பன் பூசணம் பிடிச்சிருச்சு" என்றேன். வைத்துவிட்டேன். இதற்கு மேல் எனக்கு வராது.

கொப்பியின் முன்பக்கத்தை முழுக்கப் பார்த்தேன். கதை எங்கேயாவது எழுதியிருக்கிறாளா என்று. எழுதவில்லை. பிள்ளைகளின் காய்ச்சல்தான்.

பெப்ரவரி 20, வியாழன்

பனி, பிறகு தூறல். தீப்பெட்டி ஊறிவிட்டது, மூன்று குச்சி வீண்.

ரொட்டி தட்டும்போது சுவருக்கு மேலிருந்து மாரியாயி. இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

"ஏ முத்தம்மா. அது சரியாயிருச்சாம்ல? கங்காணி பொண்டாட்டி சொன்னா."

"ஆயிருச்சு."

"அப்புறம் என்னா, வாய்க்குள்ளயே படிக்கிறியா? சின்னாச்சி வந்துட்டாளா, இல்லையா? நான் பொங்கலுக்கு முந்தின நாள்லருந்து ஆத்தங்கரையில நிக்கிறேன்டி."

சொல்லியிருக்கலாம். அந்தக் கதை இதில் இல்லை மாரியாயி, நாம் இரண்டு பேரும் ஏமாந்தோம் என்று. வாய் வரைக்கும் வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு பூ.வின் பலகையில் உட்கார்ந்தேன். மிஷினைத் திறந்தேன். கட்டம். துண்டுத் தாள் அடுப்புக்கு மேலே செருகியிருந்தது. எடுக்கவில்லை.

"சத்தமாப் படி. இங்க புகை."

படித்தேன்.

"மழை விட்டுருச்சு. ஆத்துல தண்ணி வடிஞ்சிருச்சு. சின்னாச்சி குடத்தோட மேட்டுல ஏறி வந்தா."

"அப்பாடா" என்றாள் மாரியாயி. கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் கட்டம்.

"கதவு திறந்து கெடந்துச்சு. அடுப்புல தணல் இருந்துச்சு. தட்டுல ரெண்டு ரொட்டி. லீலாவதியக் காணோம்."

"எங்கடி போனா?"

தூறல் தகரத்தில் விழுந்தது. கால்மாட்டில் ஒழுக ஆரம்பித்தது. சட்டியை இழுத்து வைக்க வேண்டும், எழுந்திருக்கவில்லை.

"முத்தம்மா. லீலாவதி எங்க போனா?"

"அதுக்கு மேல கட்டமா இருக்கு" என்றேன்.